உப்பு மட்டும் போகவில்லை

ஜனவரி 11

நீர் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். இத்துடன் மரப்பெட்டியில் மூன்று பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன். முதலாவது, நூலுக்குச் சாயம் போட்டு முடித்தபின் மிஞ்சிய தண்ணீர், அப்படியே. இரண்டாவது, அதே தண்ணீரைக் கரியில் ஒருமுறை வடித்தது. மூன்றாவது, இரண்டு முறை வடித்தது. மூன்றையும் சோதித்து, எதில் என்ன இருக்கிறது, என்ன போயிருக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தாங்கள் என் பட்டறையை மறந்திருக்க வாய்ப்பில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன் தாங்கள் கையெழுத்திட்ட அறிக்கையின் பேரில்தான் அதைப் பூட்டி சீல் வைத்தார்கள். கீழ்த்தெருக் கிணறுகள் மூன்றும் என் பட்டறை வாய்க்காலால் கெட்டுப்போயின என்று அதில் எழுதியிருந்தது. அன்றைக்கு என்னிடம் வேலை செய்தவர்கள் இருபத்தாறு பேர். இன்று ஒருவர் மட்டும் தினமும் வருகிறார், பாய்லர் பார்த்த ஆள். 'நீராவி' என்று கூப்பிடுவோமே, அவர்தான். காலை எட்டு மணிக்கு வந்து பூட்டிய கதவை ஒருமுறை பார்ப்பார். பிறகு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

கரி அவருடைய யோசனைதான். இங்கே மக்காச்சோளம் அறுத்து மணியை உதிர்த்ததும் தக்கையை வயலிலேயே குவித்துக் கொளுத்துகிறார்கள். பத்து நாளைக்கு எதிரே வரும் பஸ் தெரியாது, அவ்வளவு புகை. அந்தத் தக்கையைக் கேட்டு வாங்கி, தகரப் பீப்பாயில் காற்றுப் போகாமல் அடைத்துச் சுட்டால் சாம்பலாகாமல் கரியாகிறது. இடித்து, சலித்து, ஒரு குழாயில் நிரப்பிச் சாயத் தண்ணீரை விட்டோம். கொஞ்சம் வெளுத்து வந்தது. எவ்வளவு வெளுத்தது என்று கண்ணால் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருக்கிறார்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன். எழுத்தில்தான் வேண்டும். தங்கள் கையெழுத்துக்கு என்ன பலம் உண்டென்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
சாயப்பட்டறை உரிமையாளர்


ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

பெட்டி வந்தது. எதுவும் உடையவில்லை. அனுப்புநர் முகவரியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பிரிக்காமலே மேசைமேல் வைத்திருந்தேன்.

நான் உன் தம்பி. அதனால் நீ அனுப்பும் எதையும் அலுவலக முறையில் பதிவு செய்து முத்திரை போட்டுத் தர என்னால் முடியாது. என் மேலதிகாரியம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். "பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்ட சாயத் தண்ணி வேணும்தானே? அந்தக் கணக்குல பண்ணிக்கோ. ஆனா முத்திரை கிடையாது, கையெழுத்தும் கிடையாது" என்றார்கள். ஆகவே கீழே இருப்பது அறிக்கை இல்லை, ஒரு தம்பி எழுதும் கடிதம்.

ஒருமுறை வடித்ததில் நிறம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இரண்டு முறை வடித்ததில் ஏறக்குறைய பாதி. வீட்டுக் கொல்லையில் செய்ததற்கு இது மோசமில்லை. ஆனால் சாயம் போட்ட தண்ணீர் சோடாவால் கடும் காரமாக இருக்கிறது. அந்த நிலையில் கரி சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது. நூலை அலசும்போது ஆசிட் சேர்ப்பாயே, அதையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காரத்தை முறித்துவிட்டு வடி. கரியையும் நன்றாகக் கழுவ வேண்டும். உன் மூன்றாவது பாட்டிலில் சாம்பல் இருந்தது.

பீப்பாயைத் திறக்கும்போது நீராவி அண்ணன் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். அந்தப் புகை நல்லதில்லை.

மாமா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அடுத்த பெட்டி வராதோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

தம்பி


பிப்ரவரி 9

ஆய்வாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள அக்கா' என்று தொடங்கியிருந்ததால் வேறு யாருக்கோ வந்தது தவறி வந்துவிட்டதோ என்று உறையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

தாங்கள் சொன்னபடி ஆசிட் விட்டோம். கரியை ஏழு தண்ணீரில் கழுவினோம். நிறம் இன்னும் நன்றாகக் குறைந்தது. ஆனால் நீராவிக்குத் திருப்தி இல்லை. அவர் ஒரு வாரம் கரித்துண்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துவிட்டார்.

"அம்மா, இந்தக் கரி உள்ளுக்குள்ள அடைச்சுக்கிட்டிருக்கு. தொளை பத்தலை. சூடா இருக்கறப்பவே ஆவியை விட்டு ஊதிட்டா தொளை திறந்துக்காதா?"

"யாருய்யா சொன்னது?"

"யாரும் சொல்லலை. இருபது வருஷமா ஆவியோடதானே குடும்பம் நடத்தறேன். அது எந்தச் சந்துலயும் பூந்துடும்."

நீராவியே ஒரு பழைய தேய்ப்புக் கடையிலிருந்து துணி தேய்க்கும் சின்ன பாய்லர் ஒன்றைக் கொண்டுவந்தார். பீப்பாய் அடி செக்கச்செவேல் என்று ஆனதும் குழாயை உள்ளே விட்டு ஆவியைத் திறந்தார். நானும் தங்கள் மாமாவும் தெருமுனை வரை போய் நின்றுகொண்டோம். தங்கள் மாமா ஒரு கையில் என் கையையும் இன்னொரு கையில் வீட்டுப் பத்திரத்தையும் பிடித்திருந்தார். எதுவும் வெடிக்கவில்லை. பீப்பாய் ஒரு மணி நேரம் சீறிவிட்டு அடங்கியது.

அந்தக் கரியில் வடித்த தண்ணீர்தான் இந்த நான்காவது பாட்டில். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே போனது அடர்சிவப்பு. வெளியே வந்ததைப் பார்த்ததும் நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீராவி அழுதார். புகை என்று சொல்லிக்கொண்டார்.

இனி என்ன? இது சுத்தம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். முத்திரை வேண்டாம். அலுவலகத்தில் யாரிடம் போய் நிற்கவேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். சாயம் குடித்த கரியை உரத்துக்குக் கொடுங்கள் என்று தக்கை தந்த விவசாயிகள் கேட்கிறார்கள். கொடுத்துவிடப் போகிறேன்.

இப்படிக்கு,
சாயப்பட்டறை உரிமையாளர்


பிப்ரவரி 20

அக்கா,

கரியை வயலுக்குக் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை முழுதும் படிக்குமுன் ஆள் அனுப்பி நிறுத்திவிடு. சாயம் கரியை விட்டு மெதுவாக மண்ணில் இறங்கும். செங்கல் சூளையில் கேள். களிமண்ணோடு பிசைந்து நல்ல சூட்டில் சுட்டால் எரிந்து அடங்கிவிடும்.

நான்காவது பாட்டிலில் நிறம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு போய்விட்டது. மேலதிகாரியம்மா கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். அதே எண்தான் வந்தது. நீராவி அண்ணன் செய்ததைப் பெரிய உலைகளில் பெரிய இயந்திரங்கள் வைத்துச் செய்கிறார்கள். அவரிடம் சொல்.

ஆனால் நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. சாயம் நூலில் ஏற நீ போடும் உப்பு அப்படியே இருக்கிறது. லிட்டருக்கு ஐம்பத்திரண்டு கிராம். வடிப்பதற்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். உப்பைக் கரி பிடிக்காது. குடிக்கும் தண்ணீரில் அரை கிராம் இருந்தாலே அதிகம். கீழ்த்தெருக் கிணறுகளைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பங்கு பெரிது. இந்தத் தண்ணீர் வாய்க்காலில் போனால் பார்க்க அழகாக இருக்கும். கிணறு மேலும் கெடும்.

அடித்து அடித்து இது நான்காவது தாளில் எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

தம்பி


மார்ச் 2

உப்பாம்.

இரண்டாம் முறையும் நீயே எனக்குப் பூட்டுப் போட்டுவிட்டாய். இந்த முறை சீல் வைக்க ஆள்கூடத் தேவைப்படவில்லை.

இனி பெட்டி வராது.


மார்ச் 30

அக்கா,

பெட்டி வராது என்றாய், சரி. கடிதமாவது வரலாமே. தினமும் தபால் பையைப் பிரிக்கும்போது எட்டிப் பார்க்கிறேன். பயிற்சிப் பிள்ளைகள் எனக்கு ஏதோ காதல் விவகாரம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

கரி வயலுக்குப் போகாமல் நின்றதா என்று மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி


ஏப்ரல் 21

டேய்,

கரி வயலுக்குப் போகவில்லை. சூளைக்காரர் வாங்கிக்கொண்டார்.

நீ எழுதியதை நம்பக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். உப்பு உப்பு என்று இவன் ஏதோ கருவியைப் பார்த்துச் சொல்கிறான், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று குடிக்கிறவர்கள் சொல்லட்டும் என்று நாலாவது பாட்டிலின் ஜோடியை எடுத்துக்கொண்டு கீழ்த்தெருவுக்கே போனேன். சீல் வைத்த நாளுக்குப் பிறகு நான் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. முதல் வீடு தையல்காரம்மா வீடு. அவள் வீட்டு முற்றத்தில்தான் முதலாவது கிணறு. ஜன்னலோரமாக உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தவில்லை.

"என்ன தண்ணி இது?"

"எங்க பட்டறைத் தண்ணிதான். சாயத்தை எல்லாம் எடுத்தாச்சு. பாருங்க."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்து அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"கரிக்குது."

"கரியே இருக்காதுங்க, மூணு தடவை வடிச்சாச்சு."

"கரி இல்லம்மா. கரிக்குதுன்னேன். உப்பு."

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடி என் கையில் கொடுத்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணியும் இப்ப இப்படித்தான் இருக்கு. பட்டறையை மூடினதும் கலர் போயிடுச்சு, உப்பு போகலை. கலர் இருந்தப்பவாவது குடிக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்ப அதுவும் தெரியாது. வர்ற பிள்ளைங்க கையிலிருந்து நானே ரெண்டு தடவை சொம்பைப் பிடுங்கியிருக்கேன்."

நான் வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துவிட்டேன். உன் மாமா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்று நாள் கழித்துக் கொல்லையில் ஒரு சிட்டம் நூலுக்குச் சாயம் போட அடுப்பை மூட்டினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதற்காகத்தான். உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டேன். உப்பு போகவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? போகவில்லை என்றால் அது அங்கேயே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த சாயத்துக்கு எனக்கு உப்பு வேண்டுமே! நான் எதற்குப் பழைய உப்பை வாய்க்காலில் கொட்டிவிட்டுப் புது உப்பை வாங்கிப் போடவேண்டும்?

வடித்த தண்ணீரிலேயே சாயத்தைக் கரைத்தேன். சோடா மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். "அம்மா, உப்பு போட மறந்துட்டீங்க" என்று நீராவி கத்தினார். "அது அதுலயே இருக்குய்யா, உங்க கரி எனக்காக மிச்சம் வச்சிருக்கு" என்றேன். பக்கத்து அடுப்பில் நல்ல தண்ணீரில் புது உப்புப் போட்டு இன்னொரு சிட்டம். இரண்டையும் காய வைத்து, எது புது உப்பு என்று உன் மாமாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் பார்த்துத் தப்பான சிட்டத்தைக் காட்டினார்.

ஐந்து முறை அதே தண்ணீரில் செய்துவிட்டேன். ஐந்தும் ஒரே சிவப்பு. ஐந்தாவது முறை வடித்த தண்ணீரை இத்துடன் அனுப்புகிறேன். இது சுத்தம் என்று நீ எழுத வேண்டாம். நான் இதை எங்கேயும் விடப்போவதில்லை. இன்னும் எத்தனை முறை ஓடும் என்று மட்டும் சொல்.

அக்கா


மே 3

அக்கா,

பாட்டிலைப் பற்றி எழுதுமுன் இதைச் சொல்லவேண்டும். உன் கடிதத்தை மேலதிகாரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 'கரிக்குது' வந்த இடத்தில் அவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அடுத்த பத்தியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

உப்பு இருக்கிறது, இருக்கிறது என்று எழுதியவன் நான். அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. என் வேலையில் தண்ணீரில் எது இருந்தாலும் அது குற்றவாளிதான்.

பத்து முறை வரை ஓடும் என்று தோன்றுகிறது. அதற்குமேல் ஆசிட்டும் சோடாவும் சேர்ந்து உண்டாகும் வேறு உப்புகள் பெருகி நிறம் திட்டுத்திட்டாக ஏறும். அப்போது அதை வெயிலில் ஆழமில்லாத தொட்டியில் காயவிட வேண்டும். நூல் அலசும் தண்ணீரில் உப்பு குறைவு. கரியில் வடித்து அடுத்த நாள் முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அதையும் காயவிடு. வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் வேண்டியதில்லை.

அலுவலகத்துக்கு எழுது. ஒரு மாதச் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கேள். நீராவி அண்ணன் கரி செய்யும் விதத்தையும் படம் போட்டு இணை. அந்தக் கோப்பு எங்கள் பக்கம் வந்தால் நான் தொடமாட்டேன், வேறொருவர் பார்ப்பார்.

தம்பி


மே 4

அக்கா,

நேற்று எழுதியதை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன். இது வேறு. உன் கடிதத்தில் தையல்காரம்மாவைப் பற்றிப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் பட்டறையைப் பூட்டுவதற்கு ஒரு வருடம் முன்னால் விடுமுறைக்கு வந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? ஒரு நாள் மாலை நடக்கப் போனவன் கீழ்த்தெருவில் அந்த அம்மாவின் முற்றத்தில் கிணற்றைப் பார்த்தேன். வாளியில் வந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. தாகம் என்று சொல்லி என் பாட்டிலை நிரப்பிக்கொண்டேன். இங்கே வந்து தனியாகச் சோதித்தேன். பிற்பாடு அறிக்கையில் எழுதிய எண்கள்தான் அப்போதும் வந்தன. அலுவலகப் பதிவேட்டில் எழுதவில்லை. என் சொந்த நோட்டில் எழுதி இழுப்பறையில் வைத்தேன். அடுத்த மாதம் அக்காவிடம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று ஒரு வருடம் போயிற்று. அந்த ஒரு வருடமும் அந்தத் தெரு அதைக் குடித்தது.

கடைசியில் தெருக்காரர்களே மனு கொடுத்தார்கள். வேலை என்னிடம் வந்தது. உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாததற்கு விதிமுறை என்று காரணம் சொன்னேன். அது பொய். சொல்லியிருந்தால், எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லவேண்டி வந்திருக்கும். வேறு ஒருவரிடம் கொடுத்திருக்கலாம். நானே கையெழுத்துப் போட்டேன். அப்படிச் செய்தால் நேர்மையானவன் என்று எனக்கே தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

நீ என்மேல் கோபப்பட்டது கையெழுத்துப் போட்டதற்காக. போடாமல் இருந்த வருடத்துக்காகத்தான் கோபப்பட்டிருக்கவேண்டும்.

தம்பி


மே 29

தம்பி,

உன் இரண்டாவது கடிதத்தை மூன்று வாரம் சமையலறை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். திட்டி ஒரு பதில் எழுதினேன், கிழித்தேன். ஆறுதலாக ஒன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். இரண்டும் பாசாங்காக இருந்தன. எதனால் என்று எனக்குத் தெரியும்.

நீ பாட்டிலை நிரப்பியதற்கும் நாலு மாதம் முன்பே தையல்காரம்மா என் பட்டறை வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடத்துக்கு அறுபது சட்டை தைக்கிறாள். தைக்குமுன் துணியைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறாள். அறுபதும் லேசாக ரோஸ் நிறம் ஏறிவிட்டது. "உங்க வாய்க்கால் தண்ணியா இருக்குமோ?" என்று பணிவாகத்தான் கேட்டாள். நான் சட்டையை வாங்கிப் பார்த்தேன். நான் சாயக்காரி, தம்பி. எந்தச் சிவப்பு, எந்த மாதம் போட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. திருப்பிக் கொடுத்து, "நீங்க துணி மட்டமா வாங்கியிருப்பீங்க" என்றேன். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் அதற்குப்பின் அவளிடம் தைக்கக் கொடுக்கவில்லை.

ஆக, உனக்கு முன்பே எனக்குத் தெரியும். நீ கையெழுத்துப் போட்டதும் எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் பாதி, மாட்டிக்கொண்ட கோபம்.

போன திங்கட்கிழமை அவளிடம் போய் இதைச் சொன்னேன். உன் கதையையும் சொன்னேன், மன்னித்துக்கொள். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது? எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அவ்வளவுதான். உட்காரக்கூடச் சொல்லவில்லை. அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை அறையில் இன்னும் மூன்று ஆசிரியைகள் இருந்தார்கள். அவர்கள் எழுந்து போகட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அன்றைக்கும் இரண்டு பேர் இருந்தார்களே என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆச்சா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. ஆச்சு என்றேன். அன்று இராத்திரி தூங்கினேன்.

உனக்கும் நான் சொல்ல இருப்பது தையல்காரம்மா சொன்னதுதான். என்னிடம் சொல்லிவிட்டாய், சரி. தெரியாதவர்கள் உன் அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு எழுதிவிட்டேன். படம் நீராவியே போட்டார். பீப்பாயைவிடப் பெரிதாகத் தன்னை வரைந்திருக்கிறார்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

சொல்லிவிட்டேன். நோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலதிகாரியம்மா அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார்கள். "உன்னை எனக்குப் பிடிக்கும்பா. அதனாலதான் இது கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொல்லி, மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். விசாரணை நடந்தது. ஆறு மாதத்துக்கு நான் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக்கூடாது, வெளியே சாம்பிள் எடுக்கவும் போகக்கூடாது. என் வேலை இப்போது பயிற்சிப் பிள்ளைகளோடு நின்று பாட்டில் கழுவுவது. முதல் நாள் அவர்களுக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். இரண்டாம் நாள் ஒருத்தி, "சார், அடியில சரியாப் போகலை" என்று ஒரு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். உண்மையிலேயே போகவில்லை.

அந்தப் பழைய எண்களைப் பதிவேட்டில் அந்தந்தத் தேதியிலேயே ஏற்றிவிட்டார்கள், தாமதமாகத் தெரிவிக்கப்பட்டது என்ற குறிப்போடு. என் பெயர் பக்கத்தில் இருக்கிறது.

உன் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பார்க்க வரப்போகிறவர் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். தன் கல்யாணச் சாப்பாட்டுக்கே தண்ணீரைச் சோதித்துவிட்டுத்தான் பந்தி போடச் சொன்னவர். அவரிடம் என் பெயரை எடுக்காதே. எடுத்தால் இன்னும் ஒரு பாட்டில் கூடுதலாக நிரப்புவார்.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

நீண்ட கடிதம் இது. மழை பெய்கிறது, எனக்கும் வேலை இல்லை.

உன் பக்கத்து மேசைக்காரர் வந்தார். ஒரு வாய்த் தேநீர் குடிக்கவில்லை. தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். நீராவி தன் பீப்பாயைப் பற்றி அரை மணி நேரம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரி, பின்பக்கச் சுவர் ஏன் ஈரமா இருக்கு?" என்றார். அலசல் தண்ணீர்த் தொட்டியில் மயிரிழை விரிசல். ஒரு மாத உழைப்பு, தேர்ச்சி இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். நீ எனக்கு முன்பு செய்ததையே அவரும் செய்தார். ஆனால் இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. அன்று மாலையே தொட்டியை இறைத்து விரிசலைக் கொத்திப் பூசினோம். பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார், மறுபடி குனிந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். தேநீர் மட்டும் கடைசிவரை குடிக்கவில்லை.

பாதித் தொட்டிகளுக்கு மட்டும் அனுமதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். பதினோரு பேர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். மற்றவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலர் என்னோடு பேசுவதில்லை. மக்காச்சோளக்காரர்கள் இந்த முறை தக்கையைக் கொளுத்தவில்லை, வண்டி கட்டி நீராவியிடம் கொண்டுவருகிறார்கள். ஈரத் தக்கை கொண்டுவருகிறவர்களை அவர் விரட்டுகிற விரட்டைப் பார்க்கவேண்டும்.

கிணறுகள் அப்படியேதான் இருக்கின்றன. நாலைந்து நல்ல மழைக்காலம் ஆகும் என்று மேசைக்காரர் சொன்னார். அதுவரைக்கும் மேட்டிலிருக்கும் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து கீழ்த்தெருவுக்குக் குழாய் இழுத்திருக்கிறோம். தெருவில் இரண்டு குழாய். போதாதுதான்.

இனி நான் சொல்லவந்தது. அனுமதிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவிடம் போனேன். படித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. வாய்க்கால் வாய் இன்னும் திறந்துதானே இருக்கு?" என்றாள்.

"அதுல விடமாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கோமே."

"எழுதிக் கொடுத்தது காகிதத்துல இருக்கு. வாய் சுவத்துல இருக்கு."

நேற்றுக் காலை கொத்தனாரை வரச் சொன்னேன். பட்டறையின் பின்சுவரில் வாய்க்கால் தொடங்கும் அந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தோம். "அவசரத்துக்கு ஒரு சின்னக் குழாயாவது விட்டு வைக்கட்டுமா?" என்று கொத்தனார் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தையல்காரம்மா, "வேண்டாம்" என்றாள். அவள் தெருவிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து நின்றிருந்தார்கள். கடைசிச் செங்கலுக்கு மேல் கலவையை அவளே கரண்டியால் வழித்துவிட்டாள். தையல்காரி அல்லவா, ஓரம் நேராக இருந்தது.

பூசி முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. நனைந்துவிடும் என்று கொத்தனார் சாக்கைப் போட்டு மூடினார். நாங்கள் எல்லோரும் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றோம். பெய்த வேகத்தில் வாய்க்காலில் தண்ணீர் சேர்ந்து ஓட ஆரம்பித்தது, மேட்டுத் தண்ணீர், கூரைத் தண்ணீர், எல்லாம் சேர்ந்து. தையல்காரம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"என்னம்மா, தண்ணி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

நானும் குனிந்தேன். சுவர் ஒழுகவில்லை. ஓடிக்கொண்டிருந்தது வெறும் மழைத்தண்ணீர், மண்ணை அடித்துக்கொண்டு கலங்கலாக.

"மண்ணுங்க" என்றேன். "மண்ணு கலரு."

"ஓ" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாய்க்காலை நான் வெட்டிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அதில் மண் நிறத்தில் தண்ணீர் ஓடி நேற்றுத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன், தம்பி.

அக்கா